சொத்தைப் பல்லுக்கு அளவுகோல் வைத்த டாக்டர் பிளாக்

பல் போனால் சொல் போச்சு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சொல்லைக் கொண்டே பிழைப்பு நடத்தும் வியாபாரிகளாகிய நமக்கு இது மற்றவர்களைவிட அதிகமாகவே பொருந்தும். ஆயினும் நம்மவர்களில் பலர் கடைச் சரக்கைக் கவனிக்கும் அளவுக்கு வாயிலுள்ள பல்லைக் கவனிப்பதில்லை. வலி வந்தால் கிராம்பு எண்ணெய் வைப்பது, அதற்கும் அடங்காவிட்டால் பிடுங்கி எறிவது என்பதே நெடுங்கால வழக்கமாய் இருந்து வந்தது.

சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்தக் குழியை அடைத்தால் அதே பல்லால் இன்னும் பல வருஷம் மென்று தின்னலாம் என்பது இன்று சிறு பிள்ளைக்கும் தெரியும். சுமார் 150 வருஷங்களுக்கு முன் நிலைமை வேறு. அன்றும் பல்லை அடைத்தார்கள். ஆனால் அடைத்தது நிற்கவில்லை. ஒருவருக்கு இரண்டு மாதத்தில் பெயர்ந்து விழும். இன்னொருவருக்கு அடைப்பு அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் மறுபடியும் சொத்தை பிடிக்கும். கைராசி என்றார்கள், நோயாளியின் பல் மிருது என்றார்கள். உண்மைக் காரணத்தை அளந்து, நிறுத்து, கணக்கோடு உலகத்திற்குக் காட்டியவர் டாக்டர் ஜீ. வீ. பிளாக் என்னும் அமெரிக்கர். அவருடைய சரித்திரத்தை இங்கே சுருக்கமாக எழுதுகிறோம். நாம் வைத்தியரல்லர், கடைக்காரர். ஆகையால் கடைக்காரருக்கு விளங்கும் விதத்திலேயே எழுதுகிறோம்.

இளமையும் தொழிலும்

கிரீன் வார்டிமன் பிளாக் என்பது அவருடைய முழுப் பெயர். 1836ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 3ந் தேதி, இல்லினாய்ஸ் மாநிலத்தில் வின்செஸ்டர் என்னும் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். குடியானவக் குடும்பம். அவர் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த காலம் மிகவும் சொற்பம். காட்டிலும் வயலிலும் திரிந்து, செடி கொடிகளையும் பிராணிகளையும் உற்றுப் பார்த்துப் பழகியதே அவருடைய முதல் படிப்பு.

17ஆம் வயதில், வைத்தியராயிருந்த தம் தமையனார் தாமஸிடம் போய்ச் சேர்ந்து வைத்தியம் பழகினார். 1857ல் ஸ்பியர் என்ற பல் வைத்தியரிடம் சில மாதங்கள் இருந்து அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு, வின்செஸ்டரில் சொந்தமாகப் பலகை மாட்டினார். பட்டமும் பரீட்சையும் இல்லாமலா என்று வாசகர்கள் கேட்கலாம். அக்காலத்தில் அந்நாட்டில் பல் வைத்தியத்தைப் பெரும்பாலோர் அப்படித்தான் கற்றார்கள். தட்டானிடம் பையன் வேலை பழகுவது போல ஒருவரிடம் சில மாதம் நின்று பழகிவிட்டுத் தொழிலுக்கு வந்துவிடுவார்கள்.

பிறகு அமெரிக்க உள்நாட்டு யுத்தம் வந்தது. பிளாக் வடபகுதிச் சேனையில் சேர்ந்து, முன்சென்று வேவு பார்க்கும் வேலையில் இருந்தார். முழங்காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு சேனையிலிருந்து விடுபட்டார். அந்த யுத்த வருஷங்களிலேயே மனைவியையும் பறிகொடுத்தார். 1864ல் ஜாக்சன்வில் என்னும் ஊருக்குக் குடிபோய்த் தொழிலை மறுபடியும் தொடங்கினார். அடுத்த வருஷம் மறுமணம் செய்துகொண்டார். அந்த ஊரில் 30 வருஷங்களுக்கு மேல் இருந்தார்.

பகலில் நோயாளிகள், இரவில் புத்தகங்கள் என்று அவர் காலம் கழிந்தது. அறிவு நூல்கள் பல ஜெர்மன் பாஷையில் இருந்ததால் அந்தப் பாஷையைத் தாமே படித்துக்கொண்டார். பூதக்கண்ணாடிக் கருவியில் பல்லையும் கிருமிகளையும் ஆராய்ந்தார். ரசாயனம் கற்று, ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு அதைப் போதிக்கும் அளவுக்குத் தேறினார். 1870 முதல் மிஸிஸிப்பி ஆற்றுக்கு அப்பாலுள்ள செயிண்ட் லூயி நகரத்துப் பல் வைத்தியக் கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். 1881ல் இல்லினாய்ஸ் மாநிலம் பல் வைத்தியர்களைப் பரீட்சித்து அனுமதி கொடுக்கச் சட்டம் செய்தபோது, அந்தப் பரீட்சைச் சபைக்கு அவரே முதல் தலைவரானார். பட்டமில்லாமல் தொழிலுக்கு வந்தவர், இனிமேல் பரீட்சையில்லாமல் யாரும் தொழிலுக்கு வரக்கூடாது என்னும் நிலையை உண்டாக்க முன்னின்றார்.

குழியின் அமைப்பு

பிளாக் செய்த பெரிய வேலை இனித்தான் வருகிறது. அடைப்பு ஏன் நிற்கவில்லை என்று ஆராய்ந்தபோது, எல்லாரும் அடைக்கும் பொருளையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் குழியைப் பார்த்தார்.

அந்நாள் வைத்தியர்கள் சொத்தையைச் சுரண்டியபின் எஞ்சும் குழி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதில் அப்படியே அடைத்துவிடுவார்கள். அடி உருண்டையாக இருக்கும். பக்கம் கோணலாக இருக்கும். ஆனால் வாய் சும்மா இருப்பதில்லை. கடைவாய்ப் பல் கடிக்கும் பலத்தைப் பிளாக் ஒரு கருவி செய்து அளந்தார். அது 100 பவுண்டுக்கும் மேலே போயிற்று. உருண்டையான அடியின்மேல் அவ்வளவு பாரம் விழுந்தால் அடைப்பு ஆடத்தானே செய்யும்? சமதரையில் வைத்த மூட்டை நிற்கும். பள்ளத்தில் சாய்த்து வைத்த மூட்டை உருளும். ஆகவே குழியின் அடியைச் சமமாகவும், பக்கச் சுவர்களைப் பெட்டி போல நேராகவும் கடைந்துகொள்ள வேண்டும் என்றார்.

இரண்டாவது, ஓரம். பல்லின் மேலோடு கல் போலக் கடினமானது. ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அது ஈர்க்குக் கட்டு போல நெருக்கி நிறுத்திய மெல்லிய கம்பிகளாகத் தெரியும். கீழே உள்பகுதியின் தாங்கல் இருக்கும்வரை அந்தக் கம்பிகள் எதையும் தாங்கும். சொத்தை உள்ளே அரித்துத் தாங்கல் போய்விட்டால் கடித்த மாத்திரத்தில் ஓரம் நொறுங்கும். அந்த வெடிப்பில் கிருமி புகுந்து மறுபடியும் சொத்தை உண்டாகும். ஆகையால் தாங்கலில்லாத ஓரத்தை விட்டுவைக்கக்கூடாது என்றும், அடைப்பின் விளிம்பு நாக்கும் உமிழ்நீரும் உணவும் உரசித் துடைக்கும் இடத்தில் வந்து முடிய வேண்டும் என்றும் விதித்தார். 1891ல் பத்திரிகையில் இதை விரிவாக எழுதினார்.

அவர் சொத்தைகளை அவை வரும் இடத்தைப் பொறுத்து ஐந்து வகுப்பாகப் பிரித்தார். ஒவ்வொரு வகுப்புக்கும் குழியின் எல்லையை வகுப்பது, பாரம் தாங்க அமைப்பது, அடைப்பு கழன்று வராமல் அமைப்பது, கருவி போய்வர வழி செய்வது, மிச்சச் சொத்தையை எடுப்பது, ஓரத்தைச் செப்பம் செய்வது, கடைசியில் கழுவித் துடைப்பது என்று வரிசைப்படி வேலை முறையை ஏற்படுத்தினார். ஒரு வைத்தியர் செய்ததை வேறோர் ஊரிலுள்ள வைத்தியரும் அப்படியே செய்யும்படி ஆயிற்று.

ரசக் கலவையும் அவர் கணக்கும்

நிற்க, அடைக்கும் பொருளுக்கு வருவோம். பணம் படைத்தவர்களுக்குத் தங்க ரேக்கை அடைப்பார்கள். ரேக்கைத் துணுக்குத் துணுக்காகக் குழியில் வைத்துச் சிறு சுத்தியால் தட்டித் தட்டி இறுக்குவது. பெரிய குழியானால் மணிக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரமும் நோயாளி வாயைத் திறந்தபடியே சகித்திருக்க வேண்டும். ஏழைகளுக்கு வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் பிசைந்த ரசக் கலவை. இது மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் இதைத் தொடவே மாட்டோம் என்று உறுதி எழுதிக்கொடுத்த வைத்தியர் சங்கமும் உண்டு. அந்தச் சண்டையிலேயே அந்தச் சங்கம் 1856ல் கலைந்து போயிற்று.

பிளாக் எந்தக் கட்சியிலும் சேராமல் கலவையை அளந்தார். பல விகிதங்களில் உலோகங்களைச் சேர்த்துப் பிசைந்து, சிறு குழிகளில் அடைத்து, அது இறுகும்போது பருக்கிறதா சுருங்குகிறதா என்று தலைமயிரின் பருமனைவிடச் சிறிய அளவைக் காட்டும் கருவியால் பார்த்தார். வெள்ளி மிகுந்தால் பருக்கிறது. பல்லைப் பிளக்கவும் கூடும். ஈயம் மிகுந்தால் சுருங்குகிறது. ஓரத்தில் சந்து விழுகிறது. இங்கே ஈயம் என்றது பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயத்தை. உலோகத்தூளில் வெள்ளி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கும், வெள்ளீயம் கால் பங்கும், மீதி சிறிது வேறு உலோகமுமாக இருந்தால் கலவை அளவு மாறாமல் நிற்கிறது என்று கண்டார். அராவிய தூளை உடனே பிசைந்தால் ஒருவிதமாகவும், நாள்பட வைத்தோ சூடேற்றியோ பிசைந்தால் வேறுவிதமாகவும் நடக்கிறது என்பதையும் கண்டுபிடித்தார். ஒரே சரக்கு ஒரு வைத்தியர் கையில் நன்றாகவும் மற்றவர் கையில் மோசமாகவும் போனதற்கு இது ஒரு காரணம்.

இவ்வளவையும் 1895, 1896ஆம் வருஷங்களில் பல் வைத்தியப் பத்திரிகையில் அட்டவணைகளோடு வெளியிட்டார். பத்திரிகை வாங்கிப் படிக்கிற எவரும் செய்து பார்க்கலாம். அடைப்பு விழுந்ததற்கு நோயாளியின் மிருதுவான பல்லே காரணம் என்ற பேச்சுக்கும் அந்த அட்டவணைகளே பதில் சொல்லின. பற்களின் கடினத்தை அளந்து பார்த்தால், சொத்தை பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் காணவில்லை.

தங்கத்தை வார்த்துப் பதிப்பது

1897ல் பிளாக் சிக்காகோ நகரத்திற்கு வந்து, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பல் வைத்தியக் கல்லூரிக்குத் தலைவரானார். அதே சிக்காகோவில் வில்லியம் டாகார்ட் என்றொரு பல் வைத்தியர் இருந்தார். 1907 ஜனவரி 15ந் தேதி இந்த டாகார்ட் நியூயார்க் நகரத்துப் பல் வைத்தியர் கூட்டமொன்றில், தங்கத்தை வார்த்துப் பல்லில் பதிக்கும் முறையைக் காட்டினார். ஆங்கிலத்தில் இன்லே என்று சொல்வது இதைத்தான். மோதிரத்தில் கல் பதிப்பது போல, வெளியிலே செய்து கொண்டுவந்து பல்லிலே பதிப்பது.

செய்யும் விதம் இது. குழியைப் பிளாக் சொன்னபடி சமமான அடியும் நேரான சுவரும் உள்ளதாகக் கடைந்துகொள்வார்கள். ஒரேயொரு வித்தியாசம் உண்டு. வாயிலேயே இறுகும் ரசக் கலவைக்குக் குழியின் வாய் சற்றுக் குறுகி, உள்ளே சற்று அகன்றிருக்க வேண்டும். அப்போதுதான் கழன்று வராது. பதிப்புக்கோ குழியின் வாய் ஒரு மயிரிழை அகன்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியில் செய்த பொருள் உள்ளே போகாது. மேசை இழுப்பறை தடையில்லாமல் உள்ளே போகவும் வேண்டும், போனபின் ஆடாமல் நிற்கவும் வேண்டும் அல்லவா? அது போல.

பிறகு மெழுகை இளக்கிக் குழியில் அழுத்தி, நோயாளியைக் கடிக்கச் சொல்லி, மேடு பள்ளங்களைச் செதுக்குவார்கள். மெழுகில் ஒரு சிறு கம்பியைக் குத்தி, உருக் கெடாமல் வெளியே எடுப்பார்கள். அதைச் சுற்றி ஜிப்சமும் மணல் போன்ற சிலிக்காவும் கலந்த சாந்தை ஊற்றி இறுக விடுவார்கள். கம்பியை உருவிவிட்டுச் சாந்துக் கட்டியை உலையில் காய்ச்சினால் மெழுகு உருகி எரிந்து போகும். அதனுடைய உருவம் வெற்றிடமாக உள்ளே நிற்கும். கம்பி இருந்த துவாரமே வாய்க்கால். ஊதுகுழல் நெருப்பில் தங்கத்தை உருக்கி அந்த வழியாகச் செலுத்தவேண்டும். ஆனால் இவ்வளவு சிறிய துவாரத்தில் தங்கம் தானாக இறங்காது. முத்துப் போலத் திரண்டு மேலேயே நிற்கும். அதற்காகத்தான் டாகார்ட் காற்றழுத்தத்தால் தங்கத்தை உள்ளே தள்ளும் இயந்திரமொன்றைச் செய்திருந்தார். ஆறியபின் சாந்தை உடைத்து, திராவகத்தில் சுத்தம் செய்து, வாய்க்கால் துண்டை வெட்டி மெருகிட்டு, துத்தநாகச் சிமெண்டு தடவிப் பல்லில் பதிப்பார்கள்.

மெழுகை உருக்கிவிட்டு உலோகம் வார்ப்பது புதிய வித்தையன்று. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சுவாமிமலையில் பல நூறு வருஷங்களாக இப்படித்தான் வெண்கலம் வார்க்கிறார்கள். பல்லுக்கு வந்த கஷ்டம் வேறு. உருகிய தங்கம் இறுகி ஆறும்போது நூற்றுக்குச் சுமார் ஒன்றரை பங்கு சுருங்கும். சிலையில் அது தெரியாது. 6 மில்லிமீட்டர் அகலமுள்ள பதிப்பில் அது ஒரு தலைமயிர்ப் பருமன். அந்தச் சந்து போதும், கிருமி குடியேற. ஆகவே தங்கம் எவ்வளவு சுருங்குமோ அவ்வளவுக்குச் சாந்துக் கட்டி சூட்டில் விரியும்படி, சிலிக்காவின் அளவையும் உலையின் சூட்டையும் பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டுத் திருத்தினார்கள். பிளாக் ரசக் கலவையில் பார்த்த அதே கணக்கு இங்கேயும் வந்து சேர்ந்தது.

டாகார்ட் தம் முறைக்கும் இயந்திரத்துக்கும் பேட்டண்டு உரிமை வாங்கி, மற்ற வைத்தியர்கள் பணம் கட்ட வேண்டுமென்றார். வைத்தியர்கள் கொதித்தெழுந்தார்கள். அதற்குப் பழைய புண் ஒன்று உண்டு. அதற்கு முன் பல் கட்டும் ரப்பருக்கு உரிமை வைத்திருந்த கம்பெனி, வைத்தியர்களை வழக்குமேல் வழக்காகப் போட்டு வாட்டியது. அக்கம்பெனியின் பொக்கிஷதாரர் பேக்கன் என்பவரை 1879ல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பல் வைத்தியர் சுட்டே கொன்றுவிட்டார். அந்த நினைவு ஆறவில்லை. டாகார்ட் தொடுத்த வழக்கும் வருஷக்கணக்கில் நடந்தது. கடைசியில், அயோவா மாநிலத்தில் பிலிப்ரூக் என்ற ஒரு வைத்தியர் இதே போன்ற முறையைப் பத்து வருஷங்களுக்கு முன்பே தம் மாநிலச் சங்கத்தில் படித்து அச்சிலும் வந்திருப்பது வெளிப்பட்டது. அன்று அதை யாரும் பொருட்படுத்தவில்லை. டாகார்ட்டின் உரிமை நிலைக்காமற் போயிற்று.

இதில் டாகார்ட்டைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பல வருஷ உழைப்பையும் கைப்பணத்தையும் போட்டவர் விலை கேட்பது வியாபாரிக்குப் புரியாத விஷயமல்ல. மெழுகு, சாந்து, இயந்திரம் மூன்றையும் ஒன்றுகூட்டி எல்லாரும் செய்யும்படி ஆக்கியவர் அவரே; இன்றும் பல் வைத்தியச் சரித்திரத்தில் அவர் பெயரே நிற்கிறது. ஆனால் பிளாக்கின் வழியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. அவருடைய அட்டவணைகள் அச்சில் வந்த நாள் முதல் எல்லாருக்கும் பொதுவாயின. அதனால் அவர் பெயரில் வழக்கும் இல்லை, பகையும் இல்லை. அவர் வகுத்த குழியில்தான் டாகார்ட்டின் தங்கமும் போய் உட்கார்ந்தது.

கடைசிக் காலம்

1908ல் பிளாக் தம் அனுபவம் முழுவதையும் இரண்டு பெரிய பாகங்களாக எழுதி வெளியிட்டார். அது நெடுங்காலம் பல் வைத்திய மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது. அப்போது அவருக்கு வயது 72. ஓய்வாக இருந்தாரா என்றால் இல்லை. அடுத்த வருஷம் கொலராடோ மாநிலத்திற்குப் போனார். அங்கே சில ஊர்களில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது. பிரெடரிக் மக்கே என்ற இளம் வைத்தியர் அதை ஆராய்ந்து வந்தார். பிளாக் அவருடன் சேர்ந்துகொண்டார். கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாயிருந்தது இருவருக்கும் ஆச்சரியமாயிருந்தது.

காரணம் தெரியுமுன், 1915 ஆகஸ்டு 31ந் தேதி, 79ஆம் வயதில் பிளாக் காலமானார். 1918ல் சிக்காகோவின் லிங்கன் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். கொலராடோத் தண்ணீரில் இயற்கையாகவே மிகுந்திருந்த புளோரைடுதான் அந்தக் கறைக்குக் காரணம் என்பது 1931ல் தெரிந்தது. அளவோடு இருந்தால் அது கறையில்லாமல் பல்லைக் காக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. 1950களில் சிங்கப்பூர்க் குடிதண்ணீரிலும் அதைச் சேர்க்கத் தொடங்கினார்கள். பல்லை அடைத்தே ஆயுளைக் கழித்த அந்தக் கிழவர், பல்லை அடைக்க வேண்டாதபடி செய்யும் வழியைத் தேடிக்கொண்டே போய்ச் சேர்ந்தார் என்பது நம் உள்ளத்தைத் தொடுகிறது.

இன்றைய நிலை

பிளாக் சொன்னது எல்லாம் இன்று அப்படியே நடக்கிறது என்று எழுதினால் அது சரியாகாது. பல்லோடு ஒட்டிக்கொள்ளும் பிசின் அடைப்புகள் வந்துவிட்டன. 1955ல் புவனகோர் என்பவர் பல்லின் மேலோட்டை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் வழியைக் கண்டபின், அடைப்பு நிற்பதற்காக நல்ல பல்லை அதிகமாக வெட்டவேண்டிய அவசியம் குறைந்தது. விளிம்பை அகலமாக வெட்டச் சொன்ன பிளாக்கின் விதியை இன்றைய வைத்தியர்கள் தளர்த்திவிட்டார்கள். ரசக் கலவையும் குறைந்து வருகிறது; ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 ஜனவரி முதல் அதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டன.

பதிப்பு அடைப்பு மட்டும் புது உடை உடுத்தி வந்திருக்கிறது. 1985ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், குழியைக் கருவியால் படம் பிடித்து, கம்ப்யூட்டர் கணக்கின்படி பீங்கான் கட்டியைக் கடைந்து, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பதித்துவிட்டார்கள். இன்று அந்த முறை பல தேசங்களில் நடக்கிறது. மெழுகும் உலையும் இல்லாவிட்டாலும், குழியின் அடி, சுவர், ஓரம் ஆகியவற்றை முதலில் ஒழுங்கு செய்தே தீரவேண்டும். கம்ப்யூட்டரும் அதைத்தான் படம் பிடிக்கிறது.

வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அடைப்பின் விலையைக் கேட்கும் நாம், குழி எவ்வளவு பெரிது, எஞ்சியுள்ள பல் எவ்வளவு பாரம் தாங்கும், அடைப்பு போதுமா, பதிப்பு வேண்டுமா என்று வைத்தியரைக் கேட்பதில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமையுண்டு. அதைவிட முக்கியம், குழி சிறிதாயிருக்கும்போதே போவது. சிறு குழிக்குச் சிறு அடைப்பு போதும். பெருநாள் வியாபாரம் முடியட்டும், சரக்கு வந்து இறங்கட்டும் என்று தள்ளிப் போட்டால் குழி பெரிதாகும், செலவும் பெரிதாகும், கடைசியில் அடைக்கப் பல்லே மிஞ்சாது.